இந்த வருடம் வாசல் விளக்கை அணைக்கவில்லை



போன வாரம் மகள் வீட்டு வாசலில் ஒரு பெரிய பூசணிக்காயோடு நான் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன், "டீச்சர், திருஷ்டிப் பூசணிக்காயா? எந்தக் கடையில தொங்க விடப் போறீங்க?" என்று கேட்டிருந்தான். அவன் அப்போதும் அப்படித்தான், கடைசி பெஞ்சிலிருந்து கேட்டாலும் சரியான கேள்வியாகக் கேட்பான். என் நாத்தனாரோ போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். "மைனி, அது பேய்ப் பண்டிகைன்னு எங்க சபையில சொல்றாங்க. போயும் போயும் நீங்களுமா?"

அந்த "நீங்களுமா" எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் போன வருடம் இதே நாளில் இதே வார்த்தையை நான் என் மகளிடம் கேட்டிருந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் என் மாணவர்கள் பலர் ஒவ்வொரு அக்டோபரிலும் இதே யோசனையில் இருப்பீர்கள் என்று தெரியும். நீளமாக இருக்கிறதே என்று நினைக்காமல் படியுங்கள். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும்.

போன வருடம் அக்டோபரில்தான் நானும் என் கணவரும் முதல்முறையாக நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். மரங்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றோம். மேப்பிள் மரம் முழுக்கச் சிவப்பு, பக்கத்தில் இன்னொன்று முழுக்க மஞ்சள். நம் ஊரில் வேப்பமரம் இலை உதிர்ப்பதைப் பார்த்திருக்கிறோம், இப்படித் தீப்பிடித்த மாதிரி நிற்பதைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த மரங்களுக்குக் கீழே பார்த்தால் மனசு பதறியது. ஒரு வீட்டுப் புல்தரையில் அட்டையில் செய்த கல்லறைகள். இன்னொரு வீட்டில் மண்ணுக்குள்ளிருந்து கை நீட்டும் பிளாஸ்டிக் பிணம். மூன்றாவது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஓர் எலும்புக்கூட்டை உட்கார வைத்திருந்தார்கள், கையில் காப்பிக் கோப்பையோடு.

மகள் விளக்கிச் சொன்னாள். 31ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வருவார்களாம். வாசல் விளக்கு எரிந்தால் "வாருங்கள்" என்று அர்த்தம். அணைந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போகமாட்டார்களாம். என் கணவருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. மருமகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு பெரிய மிட்டாய்ப் பை வாங்கி வந்துவிட்டார். நான்தான் குறுக்கே நின்றேன். "ஜெபம் பண்ற குடும்பம், பிசாசு வேஷம் போட்டு வர்றவங்களுக்குக் கதவைத் திறக்கிறதா? நீயுமா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. அன்று சாயங்காலம் வாசல் விளக்கை அணைத்தோம். முன்னறையிலிருந்து வெளிச்சம் தெரியக்கூடாது என்று அந்த விளக்கையும் அணைத்துவிட்டு, எல்லாரும் பின்னால் இருக்கும் சமையலறையில் உட்கார்ந்தோம்.

வெளியே பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. என் பேத்திக்கு அப்போது 6 வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஆச்சி, நாம ஏன் ஒளிஞ்சிருக்கோம்? யாருக்குப் பயந்து?"

என்னிடம் பதில் இல்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தாலாவது நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். மிட்டாய்ப் பை பிரிக்காமலே குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு வயதான அம்மா ஒரு சின்னத் துணிப் பையோடு வந்தார்கள். தனியாக இருப்பவர்கள். "நேற்று உங்கள் வீடு இருட்டாக இருந்தது, ஊரில் இல்லையோ என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்" என்று மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மகள் அந்தப் பையை மேஜையில் வைத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு 60 வருடத்துக்கு முந்தைய ஒரு தூக்குச்சட்டி நினைவுக்கு வந்தது. நாங்கள் நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். அப்பா உபதேசியார். விநாயகர் சதுர்த்திக்கு எதிர்வீட்டு அத்தை ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டார்கள். படைத்தது நமக்கு ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வாங்கி, பின்பக்கமாகப் போய் ஆட்டுக்குப் போட்டார்கள். எதிர்வீட்டு அத்தை கிணற்றடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தூக்குச்சட்டி எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அப்பா தன் மனச்சாட்சிப்படி நடந்தார், அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டீச்சர் வேலைக்கு வந்த பிறகு பொங்கலுக்கு நீங்கள் டிபன் பாக்ஸில் கொண்டுவந்ததையெல்லாம் நான் ஏன் உங்கள் கண் முன்னாலேயே சாப்பிட்டேன் என்று இப்போது தெரிகிறதா? அந்தக் கிணற்றடி முகம்தான் காரணம். அப்படிப்பட்ட நானே இன்னொரு ஊரில் போய் அதே தவறைச் செய்தேன்.

அந்தப் பிப்ரவரியில் என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உங்களில் பலர் அடக்க ஆராதனைக்கு வந்திருந்தீர்கள். மகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி பெட்டிக்குள் அவரைப் பார்த்தாள், குழிமேட்டில் ஒரு கைப்பிடி மண்ணும் போட்டாள். அழவில்லை. குழந்தைதானே, புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டோம்.

இந்தச் செப்டம்பரில் நான் தனியாக மறுபடியும் இங்கே வந்தேன். அக்டோபர் பிறந்ததும் தெருவில் எலும்புக்கூடுகள் வந்து உட்கார்ந்தன. பள்ளிக்கு நடந்து போகும்போது பேத்தி ஒரு குறிப்பிட்ட வீடு வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மூன்று நாள் கவனித்தேன். நாலாம் நாள் ராத்திரி ஜெபம் முடிந்து படுத்த பிறகு கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்.

"ஆச்சி, தாத்தாவும் இப்ப அப்படித்தான் இருக்காங்களா?"

நான் 34 வருடம் பாடம் நடத்தியவள். தெரியாத கேள்வி வந்தால் நாங்கள் சொல்வது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: "நாளைக்குச் சொல்றேன், உட்காரு." அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். தூக்கம் வரவில்லை. போன வருடம் விளக்கை அணைத்து நான் வெளியே நிறுத்தி வைத்ததாக நினைத்த பயம், இந்த வருடம் வீட்டுக்குள்ளேயே, அவள் போர்வைக்குள் இருந்தது.

இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். "ஹாலோ" என்பது பரிசுத்தவான்களைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். "ஈன்" என்பது மாலையைக் குறிக்கும் ஈவன் என்ற பழைய சொல்லின் சுருக்கம், கிறிஸ்துமஸ் ஈவ் என்கிறோமே, அது போல. நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் தினம். அதற்கு முந்தின மாலைதான் ஹாலோவீன். பெயர் சபையின் பெயர். அதோடு அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்தில் குளிர்காலத் தொடக்கத்தில் கொண்டாடிய சம்ஹைன் என்ற பழைய பண்டிகையின் வழக்கங்களும் கலந்திருக்கின்றன. அங்கே முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு இங்கே பூசணிக்காய் தாராளமாகக் கிடைத்தது. கிழங்கைவிடப் பெரியது, குடைவதற்கும் சுலபம். பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். கடல் கடந்து பரங்கியர் காலத்தில் நம்மிடம் வந்ததால்தான் அதற்குப் பரங்கிக்காய் என்றும் பெயர்.

இப்போது கடைசி பெஞ்ச் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். தம்பி, நீ கேட்டது சரிதான். நம் ஊரில் கட்டுகிற வீட்டின் முன்னால் தடியங்காயில் கோரைப் பல்லும் உருட்டு விழியுமாக முகம் எழுதித் தொங்க விடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கெட்டது அண்டாமல் இருக்கப் பயங்கர முகத்தை வாசலில் வைக்கும் எண்ணம் எல்லா நாட்டு மனுஷருக்கும் வந்திருக்கிறது. இருட்டுக்கும் சாவுக்கும் மனிதர்கள் எங்கேயும் பயந்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு என்ன பதில் சொல்லப்போகிறோம் என்பதுதான் ஒரு விசுவாசக் குடும்பத்தின் கேள்வி. "விளக்கை அணை" என்பது போன வருடம் நான் சொன்ன பதில். மலைப்பிரசங்கத்தில் விளக்கை எங்கே வைக்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை நானே நடத்தியிருக்கிறேன். நடத்தியவளுக்கே மறந்துவிட்டது.

மறுநாள் இரவு சாப்பாட்டு மேஜையில் பேத்தி சொன்னதை மகளிடமும் மருமகனிடமும் சொன்னேன். போன வருடம் நான் செய்தது தவறு என்றும் சொன்னேன். மருமகன் தயங்கினார். "அத்தை, எங்க வீட்டுல இதெல்லாம் பார்க்கவே கூடாதுன்னு வளர்த்தாங்க. எனக்கு இன்னும் மனசு ஒப்பல" என்றார். அதையும் தள்ளிவிட முடியாது. ரோமருக்கு எழுதின நிருபத்தில் 14ஆம் அதிகாரத்தைப் பவுல் இதற்காகத்தானே எழுதினார்? ஒருவன் சாப்பிடுகிறான், ஒருவன் சாப்பிடவில்லை, ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். கடைசியில் மூன்று விஷயத்தில் ஒத்துப்போனோம். நம் வீட்டில் பேய், பிசாசு, ரத்தம் வேண்டாம். யாரையும் பயமுறுத்துவது வேண்டாம். வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம்.

சில சபைகளில் அந்த நேரத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து அலங்கரித்து, அதிலிருந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். அதுவும் நல்லதுதான். நாங்கள் வீட்டிலேயே இருக்க முடிவு செய்தோம். அக்டோபர் முழுக்கச் செய்தவற்றைப் பாடக்குறிப்பு மாதிரி எண் போட்டுத் தருகிறேன். எதற்கும் பெரிய செலவு இல்லை.

1. இலை பொறுக்குவது. சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு பை. மேப்பிள், ஓக் என்று ஒவ்வொரு மரத்திலும் ஓர் இலை. சிவப்பு ஓக்தான் நியூ ஜெர்சியின் மாநில மரம். வீட்டுக்கு வந்து இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே வெள்ளைத்தாள் போட்டு, மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலை அப்படியே தாளில் வரும். நாலு வயதுப் பேரனும் செய்தான். நாலணாவை வைத்துப் பென்சிலால் தேய்த்தோமே, அதே வேலைதான்.

2. பச்சைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள். நிறம் மாறத் தொடங்காத பச்சை இலைகள் சிலவற்றைப் பொடியாகக் கிழித்து, கண்ணாடி டம்ளரில் போட்டு நசுக்கி, மூழ்கும் அளவுக்கு ரப்பிங் ஆல்கஹால் ஊற்றி, அந்த டம்ளரைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், அடுப்பை விட்டுத் தள்ளி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பிறகு காப்பி வடிகட்டும் தாளில் ஒரு நீளத் துண்டு வெட்டி, நுனி மட்டும் நனையும்படி தொங்கவிட்டால் சாறு மேலே ஏறும். பச்சை ஒரு பட்டையாகவும், அதிலிருந்து பிரிந்து மஞ்சள் ஒரு பட்டையாகவும் தெரியும். அக்டோபரில் இலை புதிதாக மஞ்சள் பூசிக்கொள்வதில்லை. அது கோடை முழுக்க உள்ளேயே இருந்தது, பச்சையம் மறைத்திருந்தது. பொழுது குறைந்து குளிர் வந்ததும் மரம் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து மரம் அதை அந்த நேரத்தில்தான் செய்கிறது.

3. மொட்டுத் தேடுவது. பேத்தியின் கேள்விக்காகவே இதைச் செய்தேன். இலை உதிர்ந்த ஒரு மேப்பிள் குச்சியை எடுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னேன். இலை விழுந்த இடத்தில் சின்னத் தழும்பு இருக்கும். உதிர்வதற்கு முன் காம்பின் அடியில் மரம் ஒரு தடுப்பு அடுக்கை உண்டாக்கிக்கொள்கிறது, அதனால் காயம் ஆறியே இலை விழுகிறது. அந்தத் தழும்புக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். உற்றுப் பார்த்தாள். "குட்டியா ஒண்ணு இருக்கு ஆச்சி." அது அடுத்த வருடத்து மொட்டு. இலை விழுவதற்கு முன்பே அது அங்கே வந்துவிட்டது. பனி முழுக்க அப்படியே இருக்கும்.

அப்போதுதான் அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை. "தாத்தாவோட உடம்பு மண்ணுல இருக்கு. அது மண்ணாயிரும். எலும்பும் இருக்கும், உன் கைக்குள்ள இருக்கிற மாதிரி. அது ஆண்டவர் செஞ்ச எலும்பு, அதுல பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா தாத்தான்னா அந்த எலும்பு மட்டும் இல்ல. தாத்தா ஆண்டவர்கிட்ட இருக்காங்க. ஒரு நாள் ஆண்டவர் அந்த உடம்பையும் புதுசா எழுப்புவார்னு நாம விசுவாசிக்கிறோம். அது எப்படின்னு ஆச்சிக்குத் தெரியாது. இந்த மொட்டுக்குள்ள இலை எப்படி மடிஞ்சு இருக்குன்னும் எனக்குத் தெரியாதுல்லா?" அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் குச்சியை ஒரு டம்ளரில் வைத்துத் தன் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

4. பூசணிக்காய். பெரியதாக ஒன்று வாங்கினோம். பென்சிலால் முகம் வரைவது பிள்ளைகள், கத்தி பிடிப்பது மருமகன். சிரிக்கிற முகம்தான் என்று பேரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. வெட்டிய காய் சில நாளில் அழுகிவிடும், அதனால் 30ஆம் தேதிதான் வெட்டினோம். விதைகளைக் கழுவி உலர்த்தி, எண்ணெய், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் பிசறி அவனில் 350 டிகிரி பாரன்ஹீட்டில் 15, 20 நிமிடம் வறுத்தால் அருமையான கொறிப்பு. இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். முகம் வெட்டுகிற பெரிய காய் ருசிப்பதில்லை. சமைப்பதற்குச் சின்னதாகத் தனி ரகம் விற்கிறார்கள். அதில் தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டு வைத்தேன். மருமகன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

5. நன்றிச் சீட்டு. அக்டோபர் 31 சீர்திருத்த தினமும்கூட. 1517இல் அதே நாளில்தான் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் தன் 95 கருத்துகளை வெளியிட்டார். அந்த லூத்தரன் வழியில் வந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715க்குள் அச்சிட்டு முடித்தார். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, "நாமும் கதவில் ஒட்டலாம்" என்றேன். மாதம் முழுக்க ஒரு நாளைக்கு ஒன்றாக, இலை வடிவத் தாளில் ஒரு நன்றி. எழுதக் கற்றுக்கொள்ளட்டும் என்று தமிழில்தான். பேத்தியின் எழுத்தில் "மொட்டு" இருந்தது. பேரன் படமாக வரைந்தான், பெரும்பாலும் தீயணைப்பு வண்டி.

6. மிட்டாய்க் கணக்கு. நான் கடலை மிட்டாயும் முறுக்கும் செய்து கொடுக்கலாம் என்று மாவு வரை திட்டம் போட்டுவிட்டேன். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இங்கே தெரியாத வீட்டில் செய்த பண்டத்தைப் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டார்கள், கடையில் ஒட்டிய உறை பிரியாமல் இருக்க வேண்டும். நிலக்கடலை பலருக்கு ஒவ்வாமை, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகத் தின்பண்டம் அல்லாத பொருள் வைத்திருக்கும் வீட்டில், நீலமும் பச்சையும் கலந்த வண்ணத்தில் ஒரு பூசணிக்காயை அடையாளமாக வைக்கிறார்கள். எனக்கு அது பிடித்தது. சின்னப் பூசணி ஒன்றுக்கு அந்த வண்ணம் அடித்தோம். தின்பண்டம் இல்லாத கூடையில் என்ன வைத்திருப்பேன் என்று என் மாணவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பென்சில்! அழிப்பானோடு சேர்ந்த பென்சில். எல்லாவற்றையும் பிள்ளைகள் பத்துப் பத்தாக எண்ணி அடுக்கினார்கள். கூட்டலும் வகுத்தலும் அதிலேயே முடிந்தது.

31ஆம் தேதி வந்தது. ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. வேஷம் போட வேண்டுமா என்று பேத்தியிடம் கேட்டோம். "ஆச்சி வேஷம்" என்றாள். என் பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்துக் கட்டி, கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டி, கையில் ஓர் அடிஸ்கேலும் கொடுத்தேன். அடிஸ்கேலைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவேண்டாம், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

வாசல் விளக்கை நான்தான் போட்டேன். சுவிட்சில் கை வைத்தபோது அவர் நினைவு வந்தது. அவர் வாங்கிய அதே மிட்டாயைத்தான் மகள் இந்த வருடமும் வாங்கியிருந்தாள். எனக்குச் சொல்லவில்லை, பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். இளவரசி, சிங்கம், விண்வெளி வீரர், உருளைக்கிழங்கு வேஷத்தில் ஒரு கைக்குழந்தை. பெரும்பாலும் "தேங்க் யூ" சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஒரு பையன் இரண்டு கூடையையும் பார்த்தான். அவன் அம்மா அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் பென்சில் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டு, தனக்கு எடுக்க ஒன்று இருக்கிறதே என்று முகம் மலர்ந்து போனான். ஏழரை மணிவாக்கில் 12, 13 வயதுப் பையன் ஒருவன் எலும்புக்கூடு உடுப்பில் வந்தான். என் பேத்தி என் பின்னால் ஒதுங்கினாள். நான் அவளை இழுக்கவில்லை, தள்ளவும் இல்லை. அவன் முகமூடியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். பல்லில் கம்பி போட்டிருந்தான். அவள் முன்னால் வந்து அடிஸ்கேலை நீட்டி, "ஒன் ஒன்லி" என்றாள். டீச்சர்தான்!

கொஞ்சம் ஓய்ந்த பிறகு மகள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் மட்டும் போனாள். நானும் எதிர்வீட்டுக்குக் கூடப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து சேலை கட்டிய பேத்தியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள், கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச அவ்வளவு வராது. உறை பிரிக்காத ஒரு சாக்லேட் பெட்டியை அவர்கள் கையில் கொடுத்து, "லாஸ்ட் இயர், சாரி" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு எது புரிந்ததோ, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 60 வருடத்துக்கு முன் ஒரு தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்காத கடன் எனக்கு இருந்தது. எதிர்வீட்டு அத்தை இப்போது இல்லை. வேறு எதிர்வீட்டில்தான் கொடுக்க முடிந்தது.

மறுநாள் நவம்பர் 1. அன்று மாலை மேஜையில் அவர் படத்தை வைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். நம் ஊரில் நவம்பர் 2 அன்று ஆர்.சி. கோயில் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் பூவுமாக இருக்கும். சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். நாங்கள் சி.எஸ்.ஐ., அது நமக்கில்லை என்பார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒருநாளும் பயம் தோன்றியதில்லை. அங்கே எல்லாரும் தங்கள் மனிதர்களைப் பார்க்க வந்திருந்தார்கள். செத்தவர்களை வைத்துப் பயமுறுத்துவதற்கும், செத்தவர்களை அன்போடு நினைப்பதற்கும் இடையில் ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது. இத்தனை நாள் நான் முதலாவதை விலக்குவதிலேயே கவனமாக இருந்து, இரண்டாவதை மறந்துவிட்டேன்.

ஒவ்வொருவரும் தாத்தாவைப் பற்றி ஒன்று சொன்னோம். மருமகன், கல்யாணத்துக்கு முன்னால் தன்னிடம் கேட்ட ஒரே கேள்வி "சைக்கிள் ஓட்டத் தெரியுமா" என்பதைச் சொன்னார். மகள் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டாள். பேத்தி, "தாத்தா போன வருஷம் இருட்டுல எனக்கு ரகசியமா ஒரு மிட்டாய் குடுத்தாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பை பிரிக்கப்படவே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்! "எந்தப் பையிலருந்து?" என்று கேட்டேன். "தாத்தா சட்டைப் பையிலருந்து" என்றாள். சர்க்கரை நோயாளி! எங்கே வாங்கி ஒளித்து வைத்திருந்தாரோ! அழுதுகொண்டிருந்த மகளும் நானும் சேர்ந்து சிரித்துவிட்டோம்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் வாசல் விளக்கைப் போடுவதா அணைப்பதா என்பதை நீங்கள் உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு செய்யுங்கள். அணைப்பவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். அணைத்தாலும் மறுநாள் பகலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். எந்த முடிவானாலும் ஏன் என்று உங்கள் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கிற கேள்வியை முழுதாகக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

நாத்தனாரே, "நீங்களுமா" என்று கேட்டாய் அல்லவா? ஆமாம், நானும்தான். கூட்டுக்குப் பக்குவம் தனியாகப் போனில் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்